சிதம்பரோம் என்னும் குடும்பப் பெயர்

கரீபியன் கடலில் பிரான்சுக்கு உட்பட்டிருக்கும் குவாதலூப் தீவில் சிதம்பரோம் (Sidambarom) என்று ஒரு குடும்பப் பெயர் வழங்குகிறது. அங்கேயும் அது திரும்பிய பக்கமெல்லாம் கேட்கிற பெயரன்று. ஆனால் அந்தத் தீவின் அரசியல் வரலாற்றைப் படிக்கிற எவரும் அதைக் கடந்து போக முடியாது. ஏனென்றால், இந்தியக் கூலித் தொழிலாளர்களுக்கு அத்தீவில் பிறந்த பிள்ளைகளின் வாக்குரிமைக்காக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போராடியவர் ஆன்றி சிதம்பரோம் (1863–1952). இந்தப் பெயரைக் கடலூர் மாவட்டத்துக்காரர் ஒருவரிடம் சொன்னால், 'நம்ம சிதம்பரத்து ஆளுதான்' என்று உடனே உரிமை கொண்டாடுவார். மஞ்சக்குப்பத்தில் பிறந்து வளர்ந்த எனக்கும் அந்த ஆசை இல்லாமலில்லை. ஆயினும், புதுச்சேரியில் பழைய பிரெஞ்சுப் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளை மொழிபெயர்த்துக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டிருப்பவன் என்ற முறையில், பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஊரைச் சொல்லிவிடுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அப்பெயர் எப்படி உண்டாகியிருக்க வேண்டும், எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைச் சற்று விரிவாகவே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில், தமிழர்க்குக் குடும்பப் பெயர் என்ற ஏற்பாடே இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தகப்பனின் பெயர் மகனுக்குத் தலைப்பெழுத்தாகிறது. மகனின் பெயர் பேரனுக்குத் தலைப்பெழுத்தாகிறது. மூன்றாம் தலைமுறையில் பாட்டனின் பெயர் ஏட்டிலிருந்தே மறைந்துவிடுகிறது, அல்லது பேரனுக்கே அப்பெயர் இடப்பட்டுத் திரும்பி வருகிறது. ஊர்ப் பெயரும் சாதிப் பட்டமும் அவ்வப்போது ஒட்டிக்கொண்டாலும் அவை கட்டாயமானவை அல்ல. பிரெஞ்சுச் சட்டம் இதற்கு நேர்மாறானது. புரட்சிக் காலத்தில், 1794 ஆகஸ்ட் 23-ஆம் நாள் இயற்றப்பட்ட ஒரு சட்டம், பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு எந்தப் பெயரையும் எந்தக் குடிமகனும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதித்தது. ஒரு முறை பதிவேட்டில் ஏறிய குடும்பப் பெயர், எழுத்துப் பிழையோடு ஏறியிருந்தாலும், பிழையோடேயே தலைமுறை தலைமுறையாக இறங்கும். ஓடிக்கொண்டே இருக்கிற ஒரு பெயர் முறையும் அசையவே கூடாது என்கிற ஒரு பதிவு முறையும் சந்தித்த இடத்தில்தான் சிதம்பரோம் போன்ற பெயர்கள் பிறந்தன.

அந்தச் சந்திப்புக்குக் காரணம் கரும்பு. பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டதும், தோட்ட முதலாளிகள் கூலியாட்களுக்காக இந்தியாவை நோக்கினார்கள். கரீபியனின் மற்றொரு பிரெஞ்சுத் தீவான மர்த்தினிக்குக்கு 1853-ஆம் ஆண்டு மே மாதத்திலும், குவாதலூப்புக்கு 1854-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாளிலும் முதல் இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டு சேர்த்தது ஒரே கப்பல். அதன் பெயர் ஒரேலி. புதுச்சேரியும் காரைக்காலும் இந்த ஆள் ஏற்றுமதிக்கு முக்கியமான துறைகளாக விளங்கின. ஆனால் பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த சிறு நிலப்பகுதிகளிலிருந்து அவ்வளவு ஆட்களைத் திரட்டுவது இயலாத காரியம். ஆகவே ஆள்பிடிக்கும் மேஸ்திரிகள் எல்லை தாண்டித் தென்னார்க்காட்டுக்கும் தஞ்சைக்கும் போனார்கள். பாகூரைத் தாண்டினால் கடலூர் என்று ஆகிவிட்ட இந்த நிலப்பரப்பில் எல்லை தாண்டுவது என்பது வாய்க்காலைத் தாண்டுவதுதான். பிரிட்டிஷ் பிரஜைகளை இவ்வாறு கொண்டு போவது பற்றிய சச்சரவு முற்றிய பிறகே, 1861 ஜூலை 1-ஆம் நாள் இரு அரசுகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஏற்றுமதித் துறைகளில் பிரிட்டிஷ் முகவர் ஒருவர் இருந்து கண்காணிக்கலாம் என்பது அதில் ஒரு நிபந்தனை. 1854 தொடங்கி 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர் சென்றனர். ஐந்தாண்டு ஒப்பந்தம், முடிந்ததும் இலவசமாக ஊர் திரும்பும் உரிமை என்று தாளில் எழுதப்பட்டிருந்தாலும், பெரும்பாலோர் திரும்பவில்லை.

கப்பலேறியவர்களுள் மிகப் பலர் ஒற்றைப் பெயர்க்காரர்கள். ராமசாமி என்றால் ராமசாமிதான். அதற்கு முன்னும் பின்னும் ஒன்றுமில்லை. தீவில் இறங்கியதும் குடியேற்ற அலுவலகம் அவர்களுக்கு ஒரு பதிவெண் கொடுத்தது. பெயரோடு தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் முதலியவையும் குறிக்கப்படுவதுண்டு. அந்தத் தலைமுறைக்கு அது போதுமானதாக இருந்தது. சிக்கல் எழுந்தது அடுத்த தலைமுறையில். அங்கே பிறந்த குழந்தைக்கு ஜோசப் என்றோ ஆன்றி என்றோ ஒரு கிறிஸ்தவப் பெயர் வைக்கப்படும், குடும்பப் பெயர் என்ன என்று எழுத்தர் கேட்பார், தகப்பனின் பெயர் சொல்லப்படும், அதுவே எழுதப்படும். தமிழ் வழக்கப்படி பார்த்தால் இதில் புதுமை ஒன்றுமில்லை, தகப்பன் பெயர் பிள்ளையோடு சேர்வது இயல்புதான். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை பிறக்கும்போது ஜோசப் என்பது குடும்பப் பெயராக மாறாது. பாட்டனின் பெயரே தொடரும். நம் ஊரில் மூன்றாம் தலைமுறையில் மறைந்திருக்க வேண்டிய ஒருவரின் பெயர், பதிவேட்டின் விதியால், நூற்றெழுபது ஆண்டுகளாக மறையாமல் நிற்கிறது.

அந்த அலுவலகங்களைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1848-க்குப் பிறகு, விடுதலை பெற்ற பல்லாயிரம் ஆப்பிரிக்க அடிமைகளுக்குக் குடும்பப் பெயர் சூட்டும் வேலையை அதே தீவின் நகராட்சி எழுத்தர்கள்தாம் செய்தார்கள். புராணப் பெயர், செடியின் பெயர், எழுத்துகளை மாற்றிப் போட்ட பெயர் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதித் தள்ளிய காலம் அது. அந்த வேலை முடிகிற தறுவாயில் இந்தியர்கள் வந்து நின்றார்கள். ஆப்பிரிக்கர்களுக்குப் பெயர் புதிதாகக் கற்பிக்கப்பட்டது. நம்மவர்களுக்குச் சொன்ன பெயர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டது. இரண்டில் இது மேல் என்றுதான் சொல்ல வேண்டும்.

காதில் விழுந்தபடி என்பதை நான் சும்மா சொல்லவில்லை. சிதம்பரோம் என்ற எழுத்துக்கூட்டலைப் பார்த்ததும், பிரெஞ்சுக்காரன் பெயரைச் சிதைத்துவிட்டான் என்று நம்மவர்கள் சலித்துக்கொள்வது வழக்கம். என் கருத்து வேறு. சிதம்பரம் என்று நாம் எழுதுகிறோமே தவிர, பேச்சில் கடைசி 'அம்' மகர ஒற்றோடு முழுதாக ஒலிப்பதில்லை. மரம், பணம், சிதம்பரம் எல்லாமே வீட்டுப் பேச்சில் மூக்கொலி கலந்த ஓர் ஓகாரம் போலத்தான் முடிகின்றன. பிரெஞ்சு மொழியில் அந்த மூக்கொலி ஓகாரம் உண்டு. அதை ஓ, எம் என்ற எழுத்துகளால் எழுதுவார்கள். அதைப் போலவே வீரப்பன், நாகப்பன் ஆகிய பெயர்களில் வரும் 'அன்', பேச்சில் மூக்கொலி கலந்த எகரமாகத் தேய்கிறது. பிரெஞ்சில் அதற்கு ஐ, என் என்ற எழுத்துகள் இருக்கின்றன. ஆகவேதான் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயுனியோனிலும் குவாதலூப்பிலும் வீரப்பன் வீராப்பேன் போல ஒலிக்கும்படியும், கிருஷ்ணன் கிஷ்னேன் போல ஒலிக்கும்படியும் எழுதப்பட்டிருக்கிறார்கள். பிள்ளை என்பதைப் 'புல்லே' என்று எழுதியதும் இதே கதைதான். ஊரில் யார் பிள்ளை என்கிறார்கள், புள்ளே என்றுதானே சொல்கிறோம்? ஆனந்தரங்கப் பிள்ளையைப் பிரெஞ்சு நூல்கள் ஆனந்தரங்க புல்லே என்று எழுதுவதும் அதனால்தான். ரெயுனியோன் தீவின் சென்-தாந்த்ரே நகர மேயராக நெடுங்காலம் இருந்த ழான்-போல் வீராபுல்லேயின் பெயரில், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழ் அப்படியே உறைந்திருக்கிறது. குவாதலூப்பின் இந்தியர்கள் இன்றும் வணங்கும் மாரியம்மன் அங்கே மாலியெமேன் ஆகியிருப்பதும் இதே ஒலி விதிப்படிதான். அது எழுத்தர் யாரும் எழுதிக் கொடுத்த பெயரன்று, வழிபடுகிறவர்களின் வாயிலேயே வாழ்ந்து வந்த பெயர் என்பதால், இந்த விளக்கத்துக்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பெயரின் முதலெழுத்தும் கவனிக்கத் தக்கது. ஆங்கிலத்தில் சிதம்பரத்தை எழுதும்போது சி, எச் என்று தொடங்குகிறோம்; அது ஏட்டு வழக்கு. குவாதலூப் பெயரோ எஸ், ஐ, டி என்று தொடங்குகிறது. இந்தப் பக்கத்தில் சகரத்தை அழுத்தாமல் மெல்லென ஒலிப்பதே வழக்கம் என்பதால், எழுத்தர் கேட்டது அதுதான், எழுதியதும் அதுதான். படித்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டிச் சொல்லியிருந்தால் இப்படி வந்திருக்காது. தன் பெயரைத் தானே சொன்ன ஒருவரின் குரல் இதில் கேட்கிறது.

இனி, ஊர் பற்றிய கேள்விக்கு வருகிறேன். சிதம்பரம் என்பது தென்னார்க்காட்டில், ஏன், தமிழ்நாடு முழுவதிலும், ஆணுக்கு இடப்படும் பெயர். நடராசர்மீது பக்தி கொண்ட குடும்பம் திருநெல்வேலியில் இருந்தாலும் பிள்ளைக்குச் சிதம்பரம் என்று பெயர் வைக்கும். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.க்கு அப்பெயர் இருந்ததே போதுமான சான்று. ஆகவே சிதம்பரம் என்ற பெயருடையவன் சிதம்பரத்துக்காரனாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. இதைவிட வலுவான ஒரு காரணமும் உண்டு. புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சிதம்பரம் என்ற ஊர் மிக நன்றாகத் தெரிந்த ஊர். கோயில் மதிலைக் கோட்டையாக்கிக்கொண்டு கர்நாடகப் போர்க் காலத்தில் அங்கே படையை வைத்திருந்தவர்கள் அவர்கள். அந்த ஊருக்கு அவர்கள் வழங்கிய பெயர் ஷலாம்ப்ரோன். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நூல்களிலும் படங்களிலும் இவ்வாறுதான் பார்க்கலாம். ஆங்கிலேயரும் அதே காலத்தில் செல்லம்ப்ரம் என்றே எழுதினார்கள். தகரத்தை லகரமாக்கிச் 'செலம்பரம்' என்று நம் கிராமத்துப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பவர்களுக்கு இது வியப்பாக இராது. ஊர்ப் பெயர் லகரத்தோடு ஷலாம்ப்ரோன் ஆனது; ஆள் பெயர் தகரத்தோடு சிதம்பரோம் ஆனது. குவாதலூப்பின் எழுத்தருக்குப் புதுச்சேரியின் நிலப்படம் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதால் இதை முடிந்த முடிபாக நான் சொல்லமாட்டேன். ஆனால் குடும்பப் பெயரை ஊர்ப் பெயராக எண்ணுவதற்கு இடம் குறைகிறது என்பது உறுதி.

அரிய பெயராக அது நின்றதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. ரெயுனியோன் தீவில் ராமசாமி என்ற குடும்பப் பெயர் ஏராளமாக உண்டு. அவர்கள் அனைவரும் ஒரே பாட்டனின் வழிவந்தவர்கள் அல்லர். கப்பலேறிய ராமசாமிகள் பலர், ஒவ்வொருவரும் ஒவ்வொரு குடும்பத்துக்கு மூலவரானார்கள். மாறாக, சிதம்பரம் என்ற பெயரோடு வந்து, பிள்ளை பெற்று, அப்பிள்ளைக்குத் தன் பெயர் இந்த ஒரு குறிப்பிட்ட எழுத்துக்கூட்டலில் பதிவாகிய ஆட்கள் சிலரே இருந்திருப்பார்கள். ஒப்பந்தக் காலத்திலேயே நோயால் மாண்டவர்கள், மணமாகாமல் இருந்தவர்கள், ஊர் திரும்பியவர்கள் ஆகியோரின் பெயர்கள் அவர்களோடு முடிந்துபோயின. பெண்களின் தொகை கப்பல்களில் குறைவாகவே இருந்ததால், குடும்பமாகத் தழைக்காமல் போனவர்களே மிகுதி. தீவுகளில் இன்று வாழும் தமிழ்க் குடும்பப் பெயர்களின் பட்டியல், சென்றவர்களின் பட்டியல் அன்று. பிள்ளை பெற்றவர்களின் பட்டியல்.

பிள்ளை பெற்றவர்கள் என்று சொல்லும்போது தாய்மார்களையும் சேர்த்தே சொல்கிறேன். தாலி கட்டி நடந்த திருமணம் நகராட்சி ஏட்டில் ஏறாவிட்டால், சட்டத்தின் பார்வையில் அது திருமணமே அன்று. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த குழந்தையைத் தகப்பன் முறைப்படி ஏற்றுப் பதிவு செய்யாவிட்டால், தாயின் பெயரே குழந்தைக்குக் குடும்பப் பெயராகும். மினாட்சி என்ற குடும்பப் பெயர் ரெயுனியோனிலும் மர்த்தினிக்கிலும் இருக்கிறது. தன் பெயரைச் சந்ததியெல்லாம் சுமக்கும்படி செய்த ஒரு மீனாட்சி, தமிழ்நாட்டில் இருந்திருந்தால் தன் மகனின் தலைப்பெழுத்தாகக்கூட ஆகியிருக்கமாட்டாள்.

பதிவேட்டுப் பக்கம் ஒன்று எப்படி இருக்கும் என்பதை, பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரான்சின் எய்க்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் இருக்கும் கடல்கடந்த நாடுகளுக்கான தேசிய ஆவணக் காப்பகம், பழைய குடியேற்ற நாடுகளின் குடிமைப் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால் ஏடுகளும் குவாதலூப் ஏடுகளும் அங்கேயே கிடைக்கின்றன. இடப்பக்க ஓரத்தில் பதிவெண்ணும் குழந்தையின் பெயரும் இருக்கும். உள்ளே, இன்ன ஆண்டு இன்ன நாள் இத்தனை மணிக்கு எம் முன்னே வந்த இன்னார் என்று தொடங்கி, நிறுத்தற்குறிக்கே இடமில்லாத நீண்ட வாக்கியம் ஒன்று சாய்ந்த கையெழுத்தில் பக்கத்தின் கீழ்வரை போகும். கடைசியில் எழுத்தரும் சாட்சிகளும் கையெழுத்திட்டிருப்பார்கள். தகப்பன் பெயருக்கு நேரே, தமக்குக் கையெழுத்திடத் தெரியாது என்று கூறினார் என்ற வரி இருக்கும். ஒரே பக்கத்தில் ஓரத்தில் ஒரு விதமாகவும் உள்ளே வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருப்பது அபூர்வமன்று. கையெழுத்திடத் தெரியாதவர் தம் பெயர் எப்படி எழுதப்படுகிறது என்று கண்காணிக்க முடியாது அல்லவா? ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே இரண்டு எழுத்துக்கூட்டல்களோடு வளர்ந்து, பின்னால் இரண்டு குடும்பங்களாகக் கணக்கிடப்பட்டிருக்கிறார்கள்.

ஆன்றி சிதம்பரோமின் வழக்கு இந்த ஏடுகளின் கனம் எவ்வளவு என்பதைக் காட்டுகிறது. அவர் 1863-இல் குவாதலூப்பின் கப்பெஸ்தேர் என்ற ஊரில் பிறந்தார். வேற்று நாட்டார்க்குப் பிரெஞ்சு மண்ணில் பிறந்த பிள்ளைகளைக் குடிமக்களாக்கும் 1889-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தீவுகளுக்கும் பொருந்தும் என்று இருந்தபோதிலும், இந்தியக் கூலிகளின் பிள்ளைகள் விஷயத்தில் நிர்வாகம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் இடம்பெற வேண்டும் என்று 1904-இல் தொடங்கிய வழக்கு 1923 வரை இழுத்தது. பெயரளவில் கேட்டால் இது ஒரு தீவின் தேர்தல் தகராறு. உண்மையில் அதன் வேர் நம் பக்கத்து எல்லைக்கோட்டில் இருந்தது: தகப்பன் புதுச்சேரியின் பிரெஞ்சுப் பிரஜையா, தென்னார்க்காட்டின் பிரிட்டிஷ் பிரஜையா என்ற கேள்வி, எங்கோ கடல் கடந்து பிறந்த மகனின் வாக்குச் சீட்டைத் தீர்மானிக்கப் பார்த்தது. மேஸ்திரி பின்னால் எல்லை தாண்டி நடந்தபோது அதை யார் நினைத்திருப்பார்கள்! முடிவில் பிள்ளைகளின் குடியுரிமை ஏற்கப்பட்டது. வழக்கின் விவரங்களை அவரே நூலாகவும் வெளியிட்டார்.

இதே காலத்தில் புதுச்சேரியிலும் குடும்பப் பெயர்கள் பிறந்தன. ஆனால் அவை பிறந்த முறை முற்றிலும் வேறு. 1881 செப்டம்பர் 21-ஆம் நாளிட்ட அரசாணை, இந்துவோ முஸ்லிமோ கிறிஸ்தவரோ எவராயினும் தம் மத, சாதி வழக்கப்படியான தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வரலாம் என்று அனுமதித்தது. துறக்கிற அதே பத்திரத்தில், தமக்கும் தம் சந்ததிக்கும் வைத்துக்கொள்ளப் போகும் குடும்பப் பெயரையும் குறிப்பிட்டாக வேண்டும். ஒரு முறை செய்தால் திரும்பப் பெற முடியாது. இப்படிச் செய்தவர்களைத்தான் புதுச்சேரியில் ரெனோன்சான் என்கிறோம். அவர்களுள் பேர்போனவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. ஐரோப்பிய முறையில் காலணியும் காலுறையும் அணிந்து நீதிமன்றத்துக்கு வந்தார் என்று 1873-இல் தடுக்கப்பட்டு, பாரிசிலுள்ள உச்ச முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று வென்றவர். அவர் எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர் லா போர்த்; கதவு என்று பொருள். குவாதலூப்புக்குப் போன சிதம்பரத்துக்கு இந்த வசதி கிடைக்கவில்லை. பொன்னுத்தம்பி நாற்காலியில் அமர்ந்து, நொத்தேர் என்னும் பத்திரப் பதிவாளர் முன்னிலையில், யோசித்துப் பெயரைத் தேர்ந்தெடுத்தார். சிதம்பரம் நின்றுகொண்டு தம் பெயரைச் சொன்னார், வேறொருவர் எழுதிக்கொண்டார். ஆயினும் இரண்டு பெயர்களும் இன்று பிரெஞ்சுச் சட்டத்தின் முன் ஒரே தகுதி உடையவை.

பிரெஞ்சு மாதிரி ஒலிக்கிற புதுச்சேரிப் பெயர்களையெல்லாம் ரெனோன்சான் பெயர் என்று எண்ணிவிடவும் கூடாது. கல்வே கல்லூரி என்ற பழைய பள்ளியின் பெயரைக் கேட்டு, யாரோ ஒரு பிரெஞ்சு துரை கட்டியது என்று நினைப்பவர்கள் இங்கேயே உண்டு. அது கலவை என்ற தமிழ் முன்பெயர்தான். கலவை சுப்பராய செட்டியாரின் பெயரால் வழங்குவது. 1910-இல் அரவிந்தர் புதுச்சேரிக்கு வந்திறங்கியபோது தங்கிய வீட்டுக்குரிய சங்கர செட்டியாரும் கலவைதான். ஐகாரத்தைப் பிரெஞ்சு எகரமாக எழுதியதும் கலவை கல்வே ஆகி, பிரெஞ்சு உடை உடுத்திக்கொண்டது.

ஆங்கிலேயர் பக்கம் வேறு வழி. தென்னாப்பிரிக்காவின் நட்டாலுக்கு 1860-இல் முதல் கப்பல் சென்னையிலிருந்துதான் போனது. அங்கே தனிமனிதர் பெயரைவிடச் சாதிப் பட்டங்களே குடும்பப் பெயர்களாக நிலைத்தன. நாயுடு, பிள்ளை ஆகியவற்றோடு படையாட்சியும் டர்பனில் குடும்பப் பெயராக இருக்கிறது. மொரீசியசின் நிதியமைச்சராக 2019 முதல் 2024 வரை இருந்த ரெங்கநாதன் பதயாச்சியின் பெயரிலும் அதே பட்டம்தான். கடலூரில் படையாட்சி என்றால் எஸ். எஸ். ராமசாமி படையாட்சியார் நினைவுக்கு வருவார். மஞ்சக்குப்பத்தில் அவருக்கு மணிமண்டபமும் இருக்கிறது. ஆனால் இன்று கடலூரில் பள்ளிக்கூடத்தில் சேரும் எந்தப் பிள்ளையின் பெயரிலாவது அந்தப் பட்டம் இருக்கிறதா? 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட வேண்டுமென்று தீர்மானித்தபின், தமிழ்நாட்டில் அவை பெயர்களிலிருந்து மெல்ல மெல்ல உதிர்ந்தன. கடல் கடந்தவர்களுக்கு அந்தத் தீர்மானம் எட்டவுமில்லை, எட்டியிருந்தாலும் பயனில்லை, பதிவேடு விடாது. இதனால் ஒரு பயன் என்னவென்றால், பட்டப் பெயர் தாங்கிய நட்டால் குடும்பம் தன் மூலத்தை ஓரளவு ஊகிக்கலாம். சிதம்பரோம் போன்ற ஆள்பெயரைத் தாங்கிய குடும்பத்துக்குச் சாதியும் தெரியாது, ஊரும் தெரியாது. அதைக் குறையென்று நான் கருதவில்லை.

குவாதலூப்பிலிருந்து அப்பெயர் பிரான்சுக்குச் சென்ற வழி எளிது. 1963 முதல் 1981 வரை, கரீபியன் தீவுகளிலிருந்தும் ரெயுனியோனிலிருந்தும் ஆட்களை வேலைக்கென்று பிரான்சுக்குக் கொண்டுவர அரசே ஒரு நிறுவனத்தை நடத்தியது. மருத்துவமனை, அஞ்சலகம், ரயில்வே ஆகியவற்றில் வேலை பெற்றுத் தீவுக் குடும்பங்கள் பாரிசின் புறநகர்களில் குடியேறின. அதே புறநகர்களுக்குப் புதுச்சேரியிலிருந்தும் குடும்பங்கள் போயின. 1954-இல் ஆட்சி கைமாறி, 1962-இல் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதங்களுக்குள் எழுதிக் கொடுத்தார்கள். 'சொல்தா' வீடுகள் என்று நாம் சொல்கிற, பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் இவர்களுள் பல. அவர்களிடம் குடும்பப் பெயர் என்னவென்று பிரெஞ்சு அலுவலகம் கேட்டபோது தகப்பன் பெயரையோ பாட்டன் பெயரையோ கொடுத்தார்கள். அதாவது, ஒரேலி கப்பலில் போனவர்களின் பிள்ளைகளுக்கு நேர்ந்ததே நூறாண்டுகளுக்குப் பிறகு இவர்களுக்கும் நேர்ந்தது. ஒரே தமிழ்ப் பெயர், குவாதலூப் வழியாக வந்தது ஓர் எழுத்துக்கூட்டலிலும் புதுச்சேரி வழியாக வந்தது வேறோர் எழுத்துக்கூட்டலிலும், பாரிசின் ஒரே அடுக்குமாடியின் அஞ்சல் பெட்டிகளில் ஒட்டப்பட்டிருக்கலாம். அவர்கள் உறவினர்கள் அல்லர்.

இந்த உற்பத்தி இன்றும் ஓயவில்லை. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடலாமா என்று என்னிடம் கேட்காதவர் குறைவு. தகப்பன் பெயரை அதில் எழுதிவிட்டு வெளிநாட்டில் குடியேறுகிறவருக்கு அங்கே குழந்தை பிறந்தால், தாத்தாவின் பெயர் அக்குழந்தைக்கு நிலையான குடும்பப் பெயராகிவிடும். மென்பொருள் வேலைக்குப் போன கடலூர்ப் பையன்களால் எத்தனையோ அரிய குடும்பப் பெயர்கள் இப்போது கனடாவிலும் ஜெர்மனியிலும் முளைத்துக்கொண்டிருக்கின்றன.

தீவுகளிலிருந்து முன்னோரைத் தேடி வருகிறவர்கள் என்னிடம் பெயரை மட்டும் கொண்டுவந்து கொடுத்து ஊரைக் கேட்கும்போது, குடியேற்றப் பதிவெண்ணும் கப்பல் பெயரும் வந்த ஆண்டும் இருக்கின்றனவா என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். அவை இருந்தால், தகப்பன் பெயரும் ஊரும் குறிக்கப்பட்ட மூலப் பதிவைத் தேடிப் பார்க்க வழியுண்டு. அதில் ஊர்ப் பெயர் பிரெஞ்சு வழக்கில் இருக்கும் என்பதால் அந்த வழக்கு தெரிந்திருக்க வேண்டும்: வில்லியனூர் வில்னூர் என்றும், பரங்கிப்பேட்டை போர்த்தோ-நோவோ என்றும் இருக்கும். கடலூரைக் குதலூர் என்று எழுதியிருப்பார்கள். கூடலூர் என்ற அதன் பழைய பெயரைக் கேட்டு எழுதியது. பெயரைத் தேடும்போது எஸ் வரிசையோடு நின்றுவிடாமல் சி வரிசையையும் பார்க்க வேண்டும். நடுவில் வரும் பி விடுபட்டிருக்கலாம், கடைசி ஓ, ஏ ஆக இருக்கலாம். சிதம்பரோம் என்பதற்கு எதிரே ஷலாம்ப்ரோன் என்று ஊர் குறிக்கப்பட்ட ஒரு பதிவு கிடைத்தால், சிதம்பரத்துச் சிதம்பரம் என்று ஒப்புக்கொள்ள எனக்குத் தடையில்லை.